கட்டணம் சைபர் என்றால் லாபம் எங்கிருந்து வருகிறது?

ஊருக்குப் பணம் அனுப்பும் நிறுவனங்கள் எப்படி ஓடுகின்றன, எதில் சம்பாதிக்கின்றன என்று கேட்டவர்களுக்கான பதில்கள். இதில் வரும் சிங்கப்பூர் ரேட்டுகள் கணக்குப் புரிவதற்காக மட்டும்.

ஜூரோங், சிங்கப்பூர்: என் செயலியில் கட்டணமே இல்லை. அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

ரேட்டில் எடுத்துவிடுகிறார்கள். சந்தையில் ஒரு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், 65.00 ரூபாய் என்று வையுங்கள். உங்களுக்கு 64.20 தருகிறார்கள். 1,000 வெள்ளிக்கு 800 ரூபாய், அதாவது 12 வெள்ளிக்கு மேல் போயிற்று. பக்கத்துக் கடையில் கட்டணம் 4 வெள்ளி, ரேட் 64.80. அங்கே ரேட்டில் போவது 200 ரூபாய்தான். கட்டணத்தையும் சேர்த்தால் 7 வெள்ளி. கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது, ஊரில் எத்தனை ரூபாய் விழுகிறது, இந்த இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் தடவை சலுகை ரேட் கொடுத்து இழுப்பது இந்தத் தொழிலில் சகஜம். இரண்டாவது தடவைதான் உண்மையான ரேட் தெரியும்.

தேய்ரா, துபாய்: இரண்டே நிமிடத்தில் அம்மா கணக்கில் பணம் ஏறிவிடுகிறது. அதற்குள் பணம் இந்தியா வந்துவிடுமா?

வராது. உங்கள் திர்ஹம் துபாயில்தான் இருக்கிறது. நீங்கள் பணம் கட்டும் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் ஓர் இந்திய வங்கியில் வாஸ்ட்ரோ என்ற ரூபாய்க் கணக்கு வைத்து, அதில் ரூபாயை முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும். ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஆர்.டி.ஏ. (ருபீ டிராயிங் அரேஞ்ச்மென்ட்) என்று பெயர். நீங்கள் கட்டியதும் தகவல் மட்டும் போகிறது. வங்கி அந்தக் கணக்கில் கழித்து, ஐ.எம்.பி.எஸ். என்ற உடனடிப் பணப்பரிமாற்ற வசதி மூலம் அம்மாவுக்குப் போடுகிறது. பிறகு எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் சேர்ந்த திர்ஹத்தை மொத்தமாக டாலராக்கி, டாலரை விற்று ரூபாய் வாங்கி, குறைந்ததை நிரப்பும். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டிப்போட்டிருப்பதால் அந்தப் பக்கம் பயமில்லை. ஆட்டமெல்லாம் டாலர்–ரூபாய்க்கு நடுவில்தான்.

தொழிலின் சூட்சுமம் எவ்வளவு நிரப்புவது என்பதில் இருக்கிறது. அதிகம் போட்டால் முதல் சும்மா கிடந்து வட்டி தின்னும். குறைவாகப் போட்டால் சம்பள வாரத்தில் கணக்கு வற்றி, உங்கள் திரையில் ‘செயலாக்கத்தில்’ என்று நின்றுவிடும். சனி, ஞாயிறில் அந்நியச் செலாவணிச் சந்தைக்கு விடுமுறை, ஐ.எம்.பி.எஸ்.ஸுக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமையே மூன்று நாளுக்கு நிரப்ப வேண்டும். திங்களன்று ரூபாய் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாததால், பலர் வார இறுதி ரேட்டில் இன்னும் சில பைசா கழித்துக்கொள்கிறார்கள். அவசரமில்லை என்றால் வேலை நாளில் அனுப்புங்கள்.

வேலூர்: ரொக்கமாக வாங்கப் போனால் 50,000 ரூபாய்க்கு மேல் தரமாட்டேன் என்கிறார்கள். சரியா?

சரிதான். கடைக்குப் போய் எண்ணைச் சொல்லி வாங்குவது எம்.டி.எஸ்.எஸ். (மணி டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் ஸ்கீம்) என்ற வேறொரு திட்டம். ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை, ஒருவருக்கு ஆண்டில் 30 தடவை, ரொக்கம் 50,000 வரை. அதற்கு மேல் காசோலை அல்லது வங்கிக் கணக்கு. நிலம் வாங்கவோ, நன்கொடைக்கோ, என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கில் போடவோ இந்த வழி கூடாது. இரண்டு முனையிலும் இருக்கும் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் போவதால், கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்புவதைவிட ரொக்கத்துக்குச் செலவு கூடும்.

கோலாலம்பூர்: இரண்டு நாளாகப் ‘பரிசீலனையில்’ என்றே காட்டுகிறது.

பெரும்பாலும் பெயர்ப் பிரச்சினை. நம் இனிஷியல் படுத்தும் பாடு! பாஸ்போர்ட்டில் ‘குமார் முருகன்’, வங்கியில் ‘எம். குமார்’ என்றால் இயந்திரத்துக்கு இருவரும் வேறு ஆட்கள். தடைப்பட்டியலில் இருக்கும் யாருடைய பெயராவது ஒத்துப்போனாலும் ஊழியர் ஒருவர் பார்த்துத்தான் விட வேண்டும். நண்பர் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் திருப்பிவிடுவார்கள். வங்கிக் கிளைக் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி.யையும் சரிபாருங்கள்: 2020-ல் இந்தியன் வங்கியோடு இணைந்த அலகாபாத் வங்கியின் பழைய குறியீட்டைச் சிலர் இன்னும் செயலியில் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

திருச்சி: ஒரு லட்சம் வந்தால் வங்கி ஜி.எஸ்.டி. பிடிக்கிறதே?

வங்கிகளுக்கிடையிலான சர்வதேசத் தகவல் வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியே டாலராக வந்து இங்கே ரூபாயாக மாறும்போது வரும் வரி அது. ஒரு லட்சம் வரை மாற்றிய தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக வைத்து, அதில் 18 சதவீதம். லட்சத்துக்கு 180 ரூபாய், குறைந்தது 45. நடுவில் இருக்கும் வங்கிகள் வழியில் கழிப்பது தனி.

தோஹா: உண்டியல்காரர் (வங்கி வழியாக இல்லாமல் ஹவாலாவில் பணம் மாற்றுபவர்) மட்டும் எப்படிக் கூடுதல் ரேட் தருகிறார்?

இந்தியாவில் ரூபாய் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் டாலர் தேடும் ஆள் அவருக்கு இருக்கிறார். தங்கக் கடத்தல்காரராக இருக்கலாம், இறக்குமதி மதிப்பைக் குறைத்துக் காட்டும் வியாபாரியாக இருக்கலாம். உங்கள் ரியாலை அந்த ஆளுக்குக் கொடுத்து, அந்த ஆளுடைய ரூபாயை உங்கள் வீட்டில் கொடுக்கிறார்கள். அந்த ஆள் தரும் கூடுதல் விலையில் ஒரு துண்டுதான் உங்கள் ‘நல்ல ரேட்’. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி இது விதிமீறல்; தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். ரொக்கத்துக்குப் பதில் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து போட்டு, அது மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் வீட்டார் கணக்கைப் போலீஸ் முடக்கும். அப்போது காட்ட உங்களிடம் ஒரு ரசீதும் இருக்காது.