நகத்தில் வெள்ளைப் புள்ளி: கால்சியம் மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வி: இரண்டு கை நகங்களிலும் வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன, நுனி ஏடு ஏடாக உரிகிறது. கால்சியம் குறைவு என்றார்கள். மூன்று மாதமாக மாத்திரை சாப்பிட்டும் மாற்றமே இல்லை. அளவைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். நகத்துக்காக மட்டும்தான் சாப்பிடுகிறீர்கள் என்றால் நிறுத்தியே விடலாம் (வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்). நகம் எலும்பு மாதிரி கெட்டியாக இருப்பதால் அதுவும் கால்சியம்தான் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தலைமுடி எதனால் ஆனதோ அதே கெராட்டின் என்ற புரதம்தான் நகமும். அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால்தான் அத்தனை கெட்டி. கால்சியம் அதன் எடையில் 1 சதவீதம்கூடக் கிடையாது.

சரி, புள்ளி எங்கிருந்து வருகிறது? உங்கள் கட்டைவிரல் நகத்தின் அடியில் வெளிறிய ஒரு பிறை தெரிகிறதா? நகம் உருவாகும் இடத்தின் முன் ஓரம் அது, மீதி தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே பிறக்கும் செல்கள் தட்டையாகி, உட்கருவை இழந்து, உயிரற்ற தகடாக முன்னால் தள்ளப்படுகின்றன. நகம் வெட்டும்போது வலிக்காததும் அதனால்தான். அந்த இடத்தில் எங்கேயாவது இடித்துக்கொண்டாலோ, ஓரத்துத் தோலைக் கடித்துப் பிய்த்தாலோ சில செல்கள் முழுதாக முதிராமல், உட்கருவோடு அப்படியே தகட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒளி அங்கே சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கைவிரல் நகம் மாதத்துக்கு சுமார் 3 மி.மீ. வளரும். ஒரு ஸ்கேலை வைத்து, அடித்தோலின் (நகம் தொடங்கும் இடத்தில் அதை ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்) விளிம்பிலிருந்து புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து குறித்து வையுங்கள். 6 மி.மீ. என்றால் அடிபட்டுக் குறைந்தது இரண்டு மாதமாவது ஆகியிருக்கும், அதனால்தான் எப்போது பட்டது என்றே நினைவிருக்காது. அடுத்த மாதம் மறுபடி அளந்து பாருங்கள், முன்னால் நகர்ந்திருந்தால் கவலையே வேண்டாம், ஒருநாள் நகவெட்டியோடு போய்விடும்.

நுனி உரிவது வேறு கதை. நகத்தகடு பல அடுக்குகளால் ஆனது, தோலைவிட வேகமாகத் தண்ணீரை உள்ளே விடும், அதே வேகத்தில் வெளியேயும் விடும். பாத்திரம், துணி, குளியல் என்று ஒரு நாளில் பத்து முறை ஊறி உப்பி, காய்ந்து சுருங்கினால் அடுக்குகளின் பிடி விட்டுப்போகும். நெயில் பாலிஷை அழிக்கும் அசிட்டோன் இன்னும் மோசம், இருக்கிற எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். தண்ணீர் வேலைக்குக் கையுறை போடுங்கள். கை துடைத்ததும் ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லியை நகத்திலும் அடித்தோலிலும் தேயுங்கள். நகத்தைக் குட்டையாக வெட்டி, ஒரே திசையில் ராவுங்கள். உரிகிற ஏட்டை மட்டும் பிய்க்காதீர்கள். அப்புறம், அழகுக்காக அடித்தோலை வெட்டுவது வேண்டவே வேண்டாம்: கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பதே அந்தத் தோல்தான், அதை எடுத்துவிட்டு நகச்சுற்று வந்து துடிப்பவர்கள் நிறைய.

பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஏற்கெனவே உரிந்த பகுதி ஒட்டாது, கைவிரல் நகம் முழுதாக மாற சுமார் ஆறு மாதம், கால் பெருவிரலுக்கு ஒரு வருடத்துக்கு மேல்.

நகம் கரண்டி போலக் குழிந்தால் இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள். குண்டூசியால் குத்தியது போலச் சிறு குழிகள் நிறைய இருந்தாலோ, நகம் முழுக்க வெளுத்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு பக்கத்துத் தோலுக்கும் பரவினாலோ, அளந்துகொண்டு காத்திருக்காதீர்கள், அந்த வாரமே போய்விடுங்கள்.