மிக்சர் ஸ்க்ரூ கடைசி வேலை: பழைய இன்ஜெக்‌ஷன் கார் கேள்வி பதில்

கேள்வி: என் காரில் இருப்பது பாஷ் எல்-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் சிஸ்டம். ஐடிலில் இன்ஜின் வேகம் ஒரே அளவில் நிற்காமல் ஏறி இறங்குகிறது. ஏர் ஃப்ளோ மீட்டரில் (உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவி) உள்ள மிக்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எந்தப் பக்கமும் வேண்டாம். 1970களில் வந்த இந்த சிஸ்டம், உள்ளே போகும் காற்று ஒரு தகட்டை எவ்வளவு தள்ளுகிறது என்பதை வைத்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. தகட்டைத் தாண்டி வேறு ஓட்டை வழியாகப் புகும் காற்று கணக்கில் வராது. மிக்சர், அதாவது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை, லீனாகி (பெட்ரோல் குறைந்து) ஐடில் ஆடும்.

சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். இன்ஜின் தடுமாற வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் ஏற்கெனவே எங்கோ காற்று புகுகிறது என்று சந்தேகப்படலாம். அடுத்து, மீட்டரிலிருந்து த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலரேட்டர் திறந்து மூடும் காற்று வால்வு) போகும் ரப்பர் பூட்டை (மடிப்புள்ள ரப்பர் குழாய்) கழற்றி மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். மேல்பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். கீறல் அடிப்பக்க மடிப்பில் ஒளிந்திருக்கும். ஆக்ஸிலரேட்டர் மிதித்து இன்ஜின் சாயும்போதுதான் வாயைத் திறக்கும். இந்த ரப்பரைப் பார்க்காமலே இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டரை மாற்றிச் செலவழித்தவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். டிப்ஸ்டிக் வளையம், இன்ஜெக்டர் அடியில் உள்ள ஓ-ரிங் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. சூடானதும் பெட்ரோல் வாடை, பிளக்கெல்லாம் கரி. இன்ஜெக்டர் ஒழுகுகிறதா?

பதில்: ஒழுகலாம். ஆனால் முதலில் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் இரண்டு பின்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். பாஷ் சென்சாரில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் வரும். சூட்டிலும் ஆயிரக்கணக்கில் காட்டினால், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும். பிறகு பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைப் பிடுங்குங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்துவிட்டது.

கேள்வி: லாம்டா சென்சாரில் (புகையில் உள்ள ஆக்ஸிஜனைப் பார்க்கும் சென்சார்) வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: நன்றாக வேலை செய்கிறது. ஒரே இடத்தில் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரை 2.5 பார் அழுத்தத்திலிருந்து 3 பாருக்கு மாற்றினால் பிக்கப் கூடுமா?

பதில்: கூடாது. இன்ஜெக்டர் விடும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே சுமார் 9.5 சதவீதம் பெட்ரோல்தான் கூடும். காற்று கூடவில்லையே! லீனாக இருந்த இன்ஜினைத் தவிர வேறு எதற்கும் பயனில்லை. அதற்கும் ஏன் லீன் என்று கண்டுபிடிப்பதே சரியான வைத்தியம்.

கேள்வி: என்னுடையது கே-ஜெட்ரானிக் (பாஷின் இன்னொரு இன்ஜெக்‌ஷன் சிஸ்டம்). 3 மி.மீ. ஆலன் கீ போட்டு மிக்சரை மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். வலப்பக்கம் திருப்பினால் ரிச், அதாவது பெட்ரோல் கூடும். துளி துளியாகத் திருப்புங்கள், கீயை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் கீயை வெளியே எடுத்துவிட்டு, லேசாக ரேஸ் செய்து, பிறகு சைலன்சரில் கார்பன் மோனாக்ஸைடு ரீடிங் பாருங்கள். கீ உள்ளே இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான். ரப்பர் பூட்டில் கீறல் இருந்தது, மாற்றிவிட்டேன். ஆட்டம் நின்றது, ஆனால் ஐடில் இப்போது 1,200 ஆர்பிஎம்-ல் நிற்கிறது.

பதில்: அருமை! கீறலால் இறங்கிய ஐடிலை ஏற்ற, முன்பு யாரோ த்ராட்டில் பாடியில் உள்ள ஐடில் ஸ்க்ரூவைத் திறந்துவைத்திருப்பார்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, மேனுவலில் உள்ள அளவுக்கு அதை இறக்குங்கள். பிறகு சைலன்சரில் அனலைசர் வைத்து கார்பன் மோனாக்ஸைடு பாருங்கள். அளவு சரியாக இருந்தால் ஏர் ஃப்ளோ மீட்டரில் உள்ள மிக்சர் ஸ்க்ரூவின் மூடியை அப்படியே விட்டுவிடுங்கள். இல்லையென்றால் கால் சுற்று மட்டும் திருப்பி, ரீடிங் நிலைக்கும்வரை காத்திருங்கள்; வலப்பக்கம் ரிச், இடப்பக்கம் லீன். தொடும் முன், இப்போது இருக்கும் நிலையைக் குறித்து வையுங்கள்.