மரணச் சீட்டுக்குப் பிறகு என்ன வரும்?

கேள்வி: இருபது வருஷம் நடத்திய தையல் கடையைப் போன மாதம் மூடிவிட்டேன். காலையில் எழுந்தால் கை தானாக மிஷினைத் தேடுகிறது. டாரோ என்ற படச் சீட்டுகளை வைத்துக் குறி சொல்லும் ஒருவரிடம் போனேன். தலைகீழ் மனிதன், மரணம் என்று இரண்டு சீட்டுகள் வந்தன. "இந்த மாதமே புதுத் தொழில் தொடங்காவிட்டால் கெடுதல், பரிகாரத்துக்கு எட்டாயிரம் ஆகும்" என்கிறார். என்ன செய்யட்டும்? தைத்து முடித்த துணிகள் சில இன்னும் வீட்டில் மூட்டையாகக் கிடக்கின்றன. (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள், அம்மா. தொழிலையும் இந்த மாதம் தொடங்க வேண்டாம்.

டாரோ நாளை நடப்பதைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காக உண்டான சீட்டு அது. அதை வைத்துக் குறி சொல்வது பரவியது 18-ம் நூற்றாண்டு பிரான்ஸில்தான். ஆனால் அந்தப் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். மனசு குழம்பிக் கிடக்கும்போது ஒரு படத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நமக்குள் கிடப்பது மெல்ல வெளியே வரும்.

நீங்கள் பார்த்தது அநேகமாக 1909-ல் லண்டனில் வெளிவந்த சீட்டுக்கட்டாக இருக்கும். பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தது. தலைகீழ் மனிதனுக்கு எண் 12. ஒற்றைக் காலில் தொங்குகிறான், ஆனால் முகத்தில் வலியே இல்லை; தலையைச் சுற்றி ஒளி. 13 மரணம். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வருகிறது, ராஜா கீழே விழுந்து கிடக்கிறார். தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருப்பதை உங்களுக்குக் குறி சொன்னவர் காட்டினாரா?

சரி, 13-க்கு அப்புறம் என்ன? அங்கே புதுக் கடை திறப்பு விழா எதுவும் இல்லை. 14-ம் சீட்டின் பெயர் நிதானம். சிறகுள்ள ஒரு தேவதை, ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் கரையில், ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் இப்போது நிற்கும் இடம் இதுதான். இந்தச் சீட்டுகளில் எதிலும் அவசரம் கிடையாது. அவசரமெல்லாம் பார்த்துச் சொன்னவருடையது.

கை மிஷினைத் தேடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அது. கை தேடுவது தையலையா, கடைக்கு வந்து உட்கார்ந்து பேசிய மனுஷிகளையா, சொந்தமாகச் சம்பாதித்த காசையா? மூன்றும் வேறு வேறு. எது என்று தெரிய நாளாகும், இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அது தெரியாமல் முதல் போட்டால், மூடிய கடையையே வேறு போர்டு மாட்டித் திறப்பீர்கள். கைச்செலவுக்கு முடை என்றால் வீட்டிலிருந்தபடியே நாலு ஜாக்கெட் தைத்துக் கொடுங்கள், அதில் தப்பில்லை.

அதற்கு முன்னால் அந்த மூட்டையைப் பிரித்து, துணிகளை அவரவர் வீட்டில் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.