வேர்டு குறுக்குவிசை டியூஷன் சென்டரில் வேலை செய்யவில்லை

வணக்கம் டீச்சர். வீட்டுக் கணினியில் 'வினா' ஸ்டைலுக்கு (கேள்விகளுக்கான எழுத்து வடிவமைப்புக்கு) நீங்கள் வைத்த கண்ட்ரோல்+ஆல்ட்+எம் விசையை பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் சென்டரில் அழுத்தினால் கமெண்ட் பெட்டி திறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கணினியில் கோளாறு எதுவும் இல்லை. வேர்டு இந்த விசைகளை வழக்கமாக நார்மல்.டாட்எம் என்ற கோப்பில்தான் எழுதி வைக்கும். அது உங்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறது. சென்டர் கணினிக்கு அந்த விசை என்றால் கமெண்ட்தான்.

வினாத்தாளைத் திறந்துகொண்டு ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போங்கள். அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்தில் கஸ்டமைஸ் பொத்தான் இருக்கும். இடது பட்டியலின் கீழ்ப்பகுதியில் ஸ்டைல்ஸ், அதற்குள் 'வினா'. இப்போது 'சேவ் சேஞ்சஸ் இன்' என்ற இடத்தில் நார்மலை மாற்றி உங்கள் கோப்பின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். அப்புறம் புதிய விசையை அழுத்தி அசைன் கொடுத்து, கோப்பைச் சேமித்துவிடுங்கள். இனி விசையும் கோப்போடு பெண்டிரைவில் வரும். அடுத்த தாளுக்கு இதையே நகலெடுத்தால் போதும்.

புதிய விசையாக கண்ட்ரோல்+ஆல்ட்டோடு எம் மட்டும் வேண்டாமே. தாளைத் திருத்தும் மற்ற ஆசிரியர்களுக்கு கமெண்ட் தேவைப்படும். டி-யும் வேண்டாம், அது ட்ரேட்மார்க் குறி போடும்; 1, 2, 3 தலைப்பு ஸ்டைல்களுக்குப் போய்விட்டன. விசையை அழுத்தியதும் 'அன்அசைன்டு' என்று காட்டினால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

சென்டரில் வேர்டை பிரௌசரில் திறக்காதீர்கள், அதில் இந்த வசதி கிடையாது.