ஃபிரைட் லிவருக்குப் பயந்து ஓப்பனிங்கை மாற்றலாமா?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். சேலத்தில் நடந்த பள்ளிச் சிறுவர் செஸ் போட்டியில், கறுப்பு ஆடிய என் மகள் ஃபிரைட் லிவர் அட்டாக்கில் (குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும் தாக்குதல்) சிக்கி 10 நகர்த்தலில் தோற்றாள். இனி முதல் நகர்த்தலில் இ5 (ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஆடவே பயப்படுகிறாள். ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்த்தல்களை, மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஸ்கோர் ஷீட்டில் முதல் நான்கு நகர்த்தல்களில் பாப்பா மேல் ஒரு குறையும் இல்லை. ஜி5-க்கு வந்த வெள்ளைக் குதிரையும் சி4 பிஷப்பும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. அதற்கு ராஜா மட்டும்தான் காவல். டி5-க்குச் சிப்பாயைத் தள்ளி பிஷப்பை மறித்தாளே, அதுவும் சரியான நகர்த்தல். வெள்ளை அதை வெட்டியதும் குதிரையால் திருப்பி வெட்டினாள், சறுக்கியது அங்கேதான்.

வெள்ளைக் குதிரை எஃப்7-ல் விழுந்து ராஜாவை வெளியே இழுத்தது. ராணி எஃப்3-ல் செக். ராஜா ஜி8-க்கு ஓடியதும் பிஷப் டி5-ல் வெட்டி செக், அப்புறம் ராணியின் வேட்டை, மேட். ராஜாவை இ6-க்கு ஏற்றி டி5 குதிரையைக் காத்திருந்தால் ஆட்டம் நீண்டிருக்கும். ஆனால் கடிகாரம் ஓடும்போது அந்த நிலையைக் காப்பாற்றுவது பெரியவர்களுக்கே திணறல்.

ஐந்தாவது நகர்த்தலில் சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோகட்டும். பிஷப் பி5-ல் செக் கொடுத்தால் சி6-ல் சிப்பாயை வைத்து மறிக்கட்டும். வெள்ளை வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டட்டும். ஒரு சிப்பாய் குறையும், பரவாயில்லை. பிஷப் இ2-க்குப் பின்வாங்கியதும் சிப்பாயை எச்6-க்கும், குதிரை எஃப்3-க்குத் திரும்பியதும் சிப்பாயை இ4-க்கும் தள்ளி விரட்டிக்கொண்டே தன் காய்களை வெளியே எடுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்த நிலை இது.

1963-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் பாபி ஃபிஷர், ஆர்தர் பிஸ்கையருடன் வெள்ளை ஆடியபோது அந்தக் குதிரையை எஃப்3-க்குத் திருப்பாமல் எச்3 ஓரத்தில் வைத்து ஜெயித்தார். அப்படி யாராவது ஆடினால், போன சிப்பாயைத் தேடாமல் பிஷப்பை சி5-க்கு எடுத்து காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்யட்டும்.

அடுத்த போட்டி இந்த வாரமே என்றால், மூன்றாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-ல் வைக்கச் சொல்லுங்கள். அப்போது வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்தால் ராணியால் சும்மா வெட்டிவிடலாம். இது தற்காலிக ஏற்பாடுதான்.

வீட்டில் நீங்கள் வெள்ளை ஆடி, டி5-ல் வெட்டியதும் நிறுத்தி அவளை யோசிக்க விடுங்கள். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். அதனால் யோசித்து முடிக்கும்வரை கை மேசைக்குக் கீழேயே இருக்கட்டும்.