பெல்ட் வாங்கினால் போதுமா?

கேள்வி: ஏற்காட்டில், சரிவான நிலத்தில் மாடி வீடு கட்டுகிறோம். முன்பக்கம் ஒரு மாடி உயரம். பள்ளத்துப் பக்கம் இரண்டு மாடிக்கு மேல் வரும். வெளிப்பூச்சுக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டியாகிவிட்டது. கொத்தனார்களுக்கு இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். அது போதும், பைப் சாரம் வீண் செலவு என்கிறார் மேஸ்திரி. உண்மையா?

பதில்: போதாது. முதலில், இடுப்பு பெல்ட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விழும் ஆளை அது வயிற்றில் பிடித்து இழுக்கும். முதுகெலும்பும் குடலும் தாங்காது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிற்கிற சாரத்துக் கம்பிலேயே கொக்கியை மாட்டினால், சாரம் சாயும்போது ஆளும் கூடவே போவார். மேல்தளத்து கான்கிரீட் தூணிலோ பீமிலோ தனிக் கயிறு சுற்றி, தலைக்கு மேலே மாட்ட வேண்டும். காலடியில் மாட்டினால் என்ன ஆகும்? பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு 1.8 மீட்டர், அதிலுள்ள அதிர்வு தாங்கும் பட்டை விரிந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல், பெல்ட்டின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். இதோடு ஒரு மீட்டர் கைக்காவலும் சேர்த்தால், கொக்கிக்குக் கீழே ஐந்தரை மீட்டராவது காலியிடம் தேவை. உங்கள் முன்பக்கத்தில் அது கிடையாது. பெல்ட் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். வெறும் 3 மீட்டரிலிருந்து விழுந்தாலே மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவார்கள். ஒரு மாடிதானே என்ற பேச்சை இனி யார் பேசினாலும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஆனால் எனக்குப் பெல்ட்டைவிடப் பெரிய கவலை, பள்ளத்துப் பக்கத்துக் கம்புகள் ஊன்றியிருக்கும் மண். கடைக்கால் தோண்டிக் கொட்டிய மண்ணாக இருந்தால் ஒரே மழையில் இறங்கிவிடும். சரிவைப் படிபோல வெட்டிக் கெட்டித்து, ஒவ்வொரு கம்பின் அடியிலும் கனமான பலகை போடுங்கள். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதை அனுமதிக்காதீர்கள். மாடிக்கு மாடி, ஜன்னல் திறப்பின் வழியாகச் சாரத்தைக் கட்டடத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். மழையும் மூடுபனியும் வெயிலும் மாறி மாறி வரும் மலையில் காலையில் பார்த்த முடிச்சு மாலையில் அதே முடிச்சாக இருக்காது. மழைக்குப் பிறகு யாரும் ஏறும் முன் மேஸ்திரியே எல்லா முடிச்சையும் தொட்டுப் பார்க்கட்டும்.

செலவு விஷயத்தில் மேஸ்திரி பாதி சரி. முன்பக்கத்துக்கு நல்ல சவுக்கே போதும். பள்ளத்துப் பக்கத்துக்கு மட்டும் சேலத்திலிருந்து பைப் சாரம் வாடகைக்கு எடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏற லாரிக்காரர் கூடுதலாகத்தான் கேட்பார், கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால், இரும்புக் குழாயை நிமிர்த்தும் முன் மின்வாரியத்திடம் சொல்லிவிடுங்கள்.

நிற்கிற பலகை இடைவெளியில்லாமல், இரு முனையும் கட்டப்பட்டிருக்க வேண்டும். இடுப்புயரத்தில் ஒரு தடுப்புக் கம்பு, முழங்கால் உயரத்தில் இன்னொன்று, சட்டியோ கரண்டியோ கீழே உருளாமல் ஓரத்தில் 15 சென்டிமீட்டர் பலகை.

பூச்சு முடிந்ததும் கூலியை மிச்சம் பிடிக்க, சாரத்தை அவிழ்க்கச் சித்தாட்களை ஏற்றாதீர்கள். கட்டியவர்களே மேலிருந்து கீழாகப் பிரிக்கட்டும். ஒரு தட்டைப் பிரித்து இறக்கிய பிறகுதான் அதற்குக் கீழே சாரத்தைச் சுவரோடு கட்டியிருக்கும் முடிச்சை அவிழ்க்க வேண்டும்.