பந்து வழுக்குகிறதா? ரப்பரைத் துடைக்கும் முறை

கேள்வி: டேபிள் டென்னிஸ் பேட்டில் நான்கு மாதத்துக்கு முன் புது ரப்பர் ஒட்டினேன். ஆட்டம் முடிந்ததும் சானிடைசர் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். ஆனாலும் பந்து வழுக்குகிறது, ஸ்பின் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சானிடைசரை நிறுத்துங்கள். ஆல்கஹால் படப்பட ரப்பரின் மேல்தோல் வறண்டு இறுகும். பிறகு பந்தைப் பிடிக்காது. டெட்டால், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். ரப்பரில் படிவது பந்தின் வெள்ளைத் தூள், மேஜைத் தூசி, கை வியர்வை இவ்வளவுதான். அதற்குத் தண்ணீரே போதும்.

மென்மையான ஸ்பான்ஜை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். கைப்பிடிப் பக்கம் தொடங்கி நுனி வரை ஒரே திசையில் இழுத்துத் துடையுங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கித் தேய்த்தால் மேல்தோல் மாட்டிக் கிழியக்கூடும். ஓரத்தில் ஈரம் தேங்கினால் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் ஸ்பான்ஜ் அடுக்கும் பசையும் கெடும். பத்து நிமிடம் நிழலில் காயவிட்டு, பிறகு ரப்பரை மூடிக் காக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை உள்ளங்கையால் நீவி, காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். ஈரத்தோடு மூடவே கூடாது. ஹரிக்கேன் 3 மாதிரி பிசுபிசுப்பான சீன ரப்பருக்கு ஒட்டும் தன்மையில்லாத ஷீட்டே நல்லது. மேலே சிறு முனைகள் நீட்டிய பிம்பிள் ரப்பர் என்றால் அந்த முனைகளுக்கு இடையே மென்மையான பல் துலக்கும் பிரஷ்.

ஆட்டத்துக்கு நடுவே ரப்பரில் ஊதி உள்ளங்கையால் துடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. துடைத்த தூசியைவிடக் கை விட்டுப்போகும் வியர்வையும் எண்ணெயும்தான் அதிகம்! போட்டியில் ஆறு புள்ளிக்கு ஒருமுறை டவல் எடுக்க அனுமதி உண்டு. கையை அப்போது துடையுங்கள்.

இனி உங்கள் ரப்பர் பிழைக்குமா என்று பார்ப்போம். சுத்தம் செய்து நன்றாகக் காய்ந்தபின், பந்தை லேசாக அழுத்தி முதலில் ஓரத்திலும் பிறகு நடுவிலும் இழுத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் பிடித்தால் பிரச்சினை வெறும் அழுக்குதான். ஓரம் பிடித்து நடு மட்டும் வழுக்கினால், அல்லது நடுவில் மங்கிய திட்டு கழுவியும் போகாவிட்டால், தோல் தேய்ந்துவிட்டது. துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இரண்டு இடமும் வழுக்கினால் வெயில், சூடு அல்லது உங்கள் சானிடைசர் காரணமாக இருக்கும்; அதுவும் மீளாது. மதிய வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் பேட்டை வைப்பவராக இருந்தால் அதையும் விடுங்கள்.

எண்ணெய் தடவி உயிர்ப்பிக்கலாம் என்பார்கள். சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.டி.எஃப். விதிப்படி ரப்பரை ரசாயனத்தால் மாற்றக் கூடாது. போட்டியில் அந்த பேட் செல்லாது.